பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த ஒரு மெயில் ஐடி

பிளஸ் டூ முடித்த ஒரு மாணவனுக்கு முதல் மெயில் ஐடி எப்படி வருகிறது? பெரும்பாலும் ஆசைப்பட்டு வருவதில்லை. ஏதோ ஒரு விண்ணப்பம் கேட்கிறது, அதனால் வருகிறது. பொறியியல் கலந்தாய்வு 2018-ல் இணையவழிக்கு மாறியது. அதற்குப் பிறகு வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை பக்கத்துக் கிராமங்களிலிருந்து அப்பாவையும் மார்க் ஷீட்டையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் டவுனுக்கு பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் ஆகிவிட்டது. பிரவுசிங் சென்டரில் கடைக்கார அண்ணன் "பேர் என்னப்பா? இனிஷியல்? எந்த வருஷம் பொறந்த?" என்று கேட்டுக்கொண்டே டைப் அடிப்பார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் ஐடி தயார். பாஸ்வேர்டையும் அவரே போட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்.

அந்த இரண்டு நிமிடத்தில் உருவான முகவரிதான் பிறகு கல்லூரிக்கு, ஸ்காலர்ஷிப்புக்கு, வங்கிக் கணக்குக்கு, முதல் வேலைக்கு, பாஸ்போர்ட்டுக்கு எல்லாம் போகிறது. குழந்தைக்குப் பெயர் வைக்க ஜோசியரைப் பார்க்கிறார்கள், குலசாமியைக் கேட்கிறார்கள், தாத்தா பெயரா பாட்டி பெயரா என்று சண்டை கூட நடக்கிறது. அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கத் தூக்கிச் சுமக்கப் போகும் இன்னொரு பெயரை மட்டும் ஒரு கடைக்கார அண்ணன் தேர்வு செய்கிறார்!

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு முன்னால் இருக்கும் சிக்கல் உண்மையானது. தமிழ்ப் பெயருக்கும் மெயில் கம்பெனிகளின் படிவத்துக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போவதில்லை. ஹாட்மெயில் 1996-லும் ஜிமெயில் 2004-லும் அமெரிக்காவில் தொடங்கியவை. படிவத்தில் முதல் பெயர் ஒரு கட்டம், கடைசிப் பெயர் ஒரு கட்டம். தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று அங்கே அப்பா பெயரை முழுதாகப் போடுவார்கள். விளைவு, கம்பெனிகளிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் "அன்புள்ள முத்துசாமி" என்று அப்பாவை அழைக்கும். மகன் வாங்கிய செருப்புக்கு அப்பாவுக்கு நன்றி வரும்!

அடுத்த சிக்கல், பெயர்களின் எண்ணிக்கை. முருகன், கார்த்திக், சரண்யா, பிரியா... இந்தப் பெயர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? பழனி அடிவாரத்தைச் சுற்றி மட்டும் எத்தனை முருகன்கள்! இனிஷியல் போட்டாலும் எஸ்.முருகன் என்ற ஐடி எப்போதோ யாருக்கோ போய்விட்டது. புள்ளியை எடுத்துவிட்டு எஸ்முருகன் என்று முயன்றாலும் கிடைக்காது. ஏனென்றால் ஜிமெயில் புள்ளியைக் கணக்கில் எடுப்பதே இல்லை, இரண்டும் அதற்கு ஒரே முகவரிதான். இது தெரியாமல் விண்ணப்பத்தில் புள்ளி வைத்தும் வைக்காமலும், எண்ணை விட்டும் எழுதிக் கொடுத்தால், ஒரு முருகனின் ஹால் டிக்கெட் இன்னொரு முருகனின் பெட்டிக்குப் போய்ச் சேரும். அனுப்பியவரும் அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்.

ஆக, பெயர் காலியாக இல்லை. கம்ப்யூட்டரே கொஞ்சம் யோசனை சொல்லும், அது யாருக்கும் பிடிக்காது. மிச்சம் இருக்கும் சுலபமான வழி பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணைச் சேர்ப்பது. எந்த எண் மறக்காது? பிறந்த வருடம். இப்படித்தான் முருகன்1998, பிரியா2003 என்று லட்சக்கணக்கான முகவரிகள் பிறந்தன. கொஞ்சம் கவனமானவர்கள் தேதியும் மாதமும் கூடச் சேர்த்துக்கொள்கிறார்கள், இன்னும் வசதி!

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். இங்கேதான் பலருக்கும் தெரிந்தும் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கும் இ-ஆதார் பிடிஎஃப் கோப்புக்கு ஒரு பாஸ்வேர்ட் உண்டு. அது என்ன? ஆதாரில் உள்ளபடி ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்துகள், பெரிய எழுத்தில். அதோடு நான்கு இலக்கப் பிறந்த வருடம். பெயருக்கு முன் இனிஷியல் இருந்தால் இனிஷியலும் புள்ளியும் அந்த நான்கில் சேரும். இது ரகசியமே இல்லை, ஆணையமே உதாரணங்களோடு விளக்கி வைத்திருக்கிறது. இப்போது முருகன்1998 என்ற ஐடியை மறுபடி பார்த்தால் புரியும். அது முகவரி மட்டும் இல்லை, சாவியும் அதிலேயே தொங்குகிறது.

கோப்பை இறக்குவதற்கு மொபைலுக்கு வரும் ஓடிபி வேண்டும் என்பது உண்மை. ஆனால் இறக்கிய பிறகு அந்தக் கோப்பு ஊர் சுற்றுகிறதே, அப்போது அதற்குக் காவல் இந்த எட்டு எழுத்துகள் மட்டும்தான். ஆதாரோடு இது முடிவதும் இல்லை. இ-பான் கோப்பின் பாஸ்வேர்ட் பிறந்த தேதி. சில வங்கிகளின் மாதாந்திரக் கணக்கு அறிக்கைக்குப் பெயரின் நான்கு எழுத்தும் பிறந்த தேதி, மாதமும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும். பெயரும் பிறந்த தேதியும் இந்த நாட்டில் ஒருவனுடைய அடையாளம் என்ற நிலையைத் தாண்டி, பாதிப் பூட்டுகளுக்குச் சாவி ஆகிவிட்டன. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள், ஒருவரின் பிறந்த நாள் அவருக்கு மட்டுமே தெரியும் என்று எந்த ஊரைப் பார்த்து முடிவு செய்தார்களோ!

நிச்சயமாகத் திண்டுக்கல்லைப் பார்த்து இல்லை. பூட்டுக்குப் பேர் போன ஊர் அது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாகல் நகர்ப் பக்கம் கையால் அராவிச் செய்யும் மாங்காய்ப் பூட்டுகள் கோயில் கதவுகளில் தொங்குகின்றன. ஆனால் அதே ஊரில் ஒருவரின் பிறந்த நாள் பஸ் ஸ்டாண்டு ஃபிளெக்ஸ் போர்டில் இருபது அடி உயரத்தில் நிற்கும். பெயர், பட்டப்பெயர், தெரு, வாழ்த்தும் நண்பர்கள் இருபது பேரின் போட்டோ எல்லாம் சேர்த்து. கல்யாணப் பத்திரிகையில் தாத்தாவில் தொடங்கி தாய்மாமன் வரை மொத்த வம்சமும் படிப்போடும் உத்தியோகத்தோடும் அச்சாகிறது. மஞ்சள் நீராட்டு விழா பேனரில் பதிமூன்று வயதுப் பெண்ணின் பெயரும் முகமும் தெரு முனையில் ஒரு வாரம் தொங்குகிறது. (அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்பது தனிக் கேள்வி, கேட்டிருக்க மாட்டார்கள்.)

தமிழ்நாட்டில் பெயர் என்பதே ஊர் அறிய வைப்பதற்குத்தான். ஊரையும் பெயரோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் இங்கே உண்டு. பட்டிமன்ற மேடையில் 'திண்டுக்கல்' ஐ. லியோனி, அரசியலில் திண்டுக்கல் சீனிவாசன். அவர்களுக்கு அது பெருமை. அந்த ஊர் பிரியாணிக் கடை கூட அதை 1957-ல் தொடங்கிய நாகசாமி நாயுடுவின் தலைப்பாகையால் பெயர் பெற்றது. பிறகு அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கும் போனது. கடைக்காவது டிரேட் மார்க் என்று ஒன்று இருக்கிறது. முருகனுக்கு அதுவும் இல்லை.

அப்படியானால் பேனரில் போடுவதை மெயில் ஐடியில் போட்டால் என்ன குறைந்துவிடும்? வித்தியாசம் இருக்கிறது. பேனரைப் பார்ப்பவர்கள் அந்தத் தெருவில் போகிறவர்கள். ஒரு வாரத்தில் அவிழ்த்து, மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிடுவார்கள். பத்திரிகை அலமாரிக்குள் போய்விடும். மெயில் ஐடி அப்படி இல்லை. ஒருவர் ஐந்து வருடத்துக்கு முன்னால் நிரப்பிய லக்கி டிரா படிவம், செருப்புக் கடைத் தள்ளுபடி, வேலைவாய்ப்புத் தளம், இவை எல்லாவற்றிலும் அதே ஐடி கிடக்கிறது. அவற்றில் ஒன்றின் பட்டியல் திருடுபோனாலும், மற்ற இடங்களில் கிடப்பதை அதோடு சேர்த்துப் பார்க்க அந்த ஐடி ஒரு நூல் மாதிரி உதவும். நூலில் பெயரும் வயதும் வேறு எழுதியிருக்கிறது.

சரி, பொய்ப் பெயரில் ஐடி வைத்துக்கொண்டால் தப்பிக்கலாமா? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. சைபர் சட்டம் படிக்கிற மாணவர்கள் எல்லோரும் முதலில் படிப்பது அதைத்தான். தமிழ்நாடு அரசு எதிர் சுஹாஸ் கட்டி, 2004.

விவாகரத்தான ஒரு பெண். குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர் அவரைத் திருமணம் செய்ய விரும்பினார். அந்தப் பெண் மறுத்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி ஆபாசமான செய்திகள் ஒரு யாகூ குழுவில் வரத் தொடங்கின. அந்தப் பெண்ணின் பெயரிலேயே ஒரு பொய் மெயில் ஐடி தொடங்கப்பட்டு, அதிலிருந்து மெயில்கள் போயின. அவரே ஆள் தேடுகிறார் என்று நம்பிக்கொண்டு யார் யாரோ போன் செய்து தொல்லை கொடுத்தார்கள். 2004 பிப்ரவரியில் அவர் புகார் கொடுத்தார். சென்னை சைபர் கிரைம் போலீஸ் சில நாட்களில் குற்றவாளியை மும்பையில் பிடித்தது.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு சொன்ன வாதம்தான் கவனிக்க வேண்டியது. இந்த மெயில்களை முன்னாள் கணவர் அனுப்பியிருக்கலாம், இல்லாவிட்டால் புகார் கொடுத்த பெண்ணே, தங்கள் கட்சிக்காரரை மாட்டிவிட, அனுப்பியிருக்கலாம் என்றார்கள். அவர் பெயர்தானே முகவரியில் இருக்கிறது! தன் பெயரில் அந்த ஐடியைத் தொடங்கியதே தான் இல்லை என்று ஒரு பெண் நிரூபிக்க வேண்டிய நிலை. வல்லுநர் சாட்சியோடு, பிரவுசிங் சென்டர் உரிமையாளர்களின் சாட்சியமும் அங்கே கை கொடுத்தது. முகவரியில் யார் பெயர் இருக்கிறது என்பதை விட, எந்தக் கடையில், எந்த நேரத்தில், எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்பதே வழக்கை முடித்தது.

2004 நவம்பர் 5 அன்று எழும்பூர் கோர்ட் தண்டனை கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு சிறையும் 4000 ரூபாய் அபராதமும், இந்திய தண்டனைச் சட்டத்தின் 469, 509 பிரிவுகளில் தனியாகவும். 67-ஆம் பிரிவில் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை என்று அந்த வழக்கைச் சொல்கிறார்கள். புகார் கொடுத்த அதே வருடத்தில் தீர்ப்பு, இந்திய கோர்ட்டுகளின் வேகத்தில் இது ஆச்சரியம்தான். இன்னொருவரின் அடையாளத்தைத் திருடுவதற்கென்று அப்போது தனிப் பிரிவே கிடையாது, போலி ஆவணம் பற்றிய 469-ஐ வைத்துத்தான் சமாளித்தார்கள். அடையாளத் திருட்டுக்கான 66சி பிரிவு 2008 திருத்தத்தில் வந்து 2009 அக்டோபரில் அமலானது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிரவுசிங் சென்டரில் அடையாள அட்டை காட்ட வேண்டும், பதிவேட்டை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்ற விதிகள் 2011-ல் வந்தன.

அந்தப் பெண் சொந்தப் பெயரில் ஐடி வைத்திருந்தாரா, புனைபெயரில் வைத்திருந்தாரா என்பதற்கு இதில் வேலையே இல்லை. யார் பெயரிலும் யாரும் ஐடி தொடங்கலாம். கம்பெனி ஆதார் கார்டைப் பார்த்துக் கொடுப்பதில்லை. அதனால் "என் பேர்ல மெயில் வந்துச்சு, அப்ப அவன்தான் அனுப்பினான்" என்று கல்லூரி ஹாஸ்டலில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு அடிப்படையே கிடையாது.

அப்படியென்றால் கம்பெனிகளே எல்லோருடைய உண்மைப் பெயரையும் சோதித்து வாங்கிவிட்டால் நல்லதுதானே என்று சொல்பவர்கள் உண்டு. தென் கொரியா இதைச் செய்து பார்த்தது. 2007-ல் பெரிய இணையதளங்களில் எழுத அடையாள எண்ணோடு உண்மைப் பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தார்கள். அசிங்கமாக எழுதுவது குறையும் என்று நினைத்தார்கள். 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்ட் என்ற இரண்டு தளங்களில் புகுந்த திருடர்கள் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய ஐந்து கோடிதான்! 2012 ஆகஸ்டில் அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. கூகுளும் 2011-ல் தொடங்கிய கூகுள் பிளஸ்ஸில் சொந்தப் பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. மூன்று வருட எதிர்ப்புக்குப் பிறகு 2014 ஜூலையில் அந்த விதியை எடுத்துவிட்டது. 2019-ல் பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ்ஸே இல்லாமல் போனது.

புனைபெயர் என்றாலே கோழைத்தனம், திருட்டுத்தனம் என்று தமிழ் படித்த யாரும் சொல்ல முடியாது. எஸ். ரங்கராஜன், இன்னொரு ரங்கராஜன் ஏற்கனவே குமுதத்தில் எழுதிக்கொண்டிருந்ததால், மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். மெயில் ஐடி காலியாக இல்லாத அதே சிக்கல்தான், அவர் பெயருக்குப் பின்னால் 1935 என்று சேர்க்கவில்லை, அவ்வளவுதான். பெண்களுக்கு இது இன்னும் நேரடியான விஷயம். டியூஷன் விளம்பரத்துக்கோ, பழைய புத்தகம் விற்கவோ ஒரு கல்லூரிப் பெண் முழுப்பெயரும் பிறந்த வருடமும் ஊரும் உள்ள ஐடியைக் கொடுத்தால், கேட்பவனுக்குப் புத்தகத்தின் விலையைத் தவிர மற்ற எல்லாம் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. தனக்குத் தெரியாதவருக்கு எவ்வளவு சொல்வது என்பது அவள் முடிவு செய்ய வேண்டியது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் சொன்னதும் இதைச் சேர்த்துத்தான்.

அதற்காக வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'தெறிபாய்', 'குட்டிஏஞ்சல்' என்ற ஐடியில் பயோடேட்டா அனுப்புவது சரியாகாது. சான்றிதழில் இருக்கும் பெயரும் ஐடியில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால் எடுத்துப் பார்ப்பவருக்கு வசதி, தேடும்போதும் கிடைக்கும். பெயர் மறைக்க வேண்டிய பொருள் இல்லை. வருடமும் தேதியும் செல்போன் எண்ணும்தான் அதோடு ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. பெயர் கிடைக்காவிட்டால் அப்பா பெயரை முழுதாகச் சேர்க்கலாம், படிக்கிற பாடத்தைச் சேர்க்கலாம், பக்கத்து மலை சிறுமலையைக் கூடச் சேர்க்கலாம், யாரும் அதை வைத்து எந்தக் கோப்பையும் திறக்க முடியாது. லக்கி டிராவுக்கும் தள்ளுபடிக்கும் பெயரே இல்லாத இன்னொரு ஐடி போதும். பழைய ஐடியை விட்டு ஒரே நாளில் வர முடியாது என்பதும் உண்மை. வங்கியில் மாற்ற ஒரு படிவம், பல்கலைக்கழகத்தில் மாற்ற ஒரு கடிதம், நடையோ நடை. வங்கியை மட்டும் முதலில் மாற்றிவிட்டு மற்றதை மெதுவாகச் செய்யலாம்.

இதையெல்லாம் செய்தாலும் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. எந்த விண்ணப்பம் என்றாலும் ஆதார் நகல் வேண்டும். கையில் பிரிண்டர் கிடையாது, போனில் இருக்கும் இ-ஆதார் கோப்பைக் கடையின் மெயிலுக்கு அனுப்ப வேண்டும். கடை முகவரி சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கும். கல்லூரி வாசலில் இருக்கும் எந்தக் கடையின் கம்ப்யூட்டரிலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஆதார், சாதிச் சான்றிதழ், பாஸ்புக் முதல் பக்கம் என்று நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கும். பூட்டிய கோப்பு ஒரு மெயிலில் வருகிறது, அனுப்பியவர் இடத்தில் முருகன்1998 என்று இருக்கிறது. பாஸ்வேர்ட் என்ன என்று கடைக்காரர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இதற்குப் பயந்து, கடைசி நான்கு எண்களை மட்டும் காட்டும் மறைத்த ஆதாரை இறக்கிக்கொள்ளலாம், ஆணையமே அந்த வசதியைத் தருகிறது. நல்ல வசதிதான், எல்லோரும் அதையே பயன்படுத்தலாம். அந்தக் கோப்பின் பாஸ்வேர்டும் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான்.